உபயம் எழுதிய செருப்பு அலமாரி

நியூசிலாந்தில் ஹாமில்ட்டன் என்ற ஊருக்கு நாங்கள் வந்து சேர்ந்த முதல் வாரம், பால் வாங்க சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற மனிதரின் காலில் செருப்பு இல்லை. ஏழைபாழை என்று நினைத்துவிட வேண்டாம். கையில் கார் சாவி, தள்ளுவண்டி நிறையச் சாமான், இடுப்பில் நல்ல துணியில் அரைக்கால் சட்டை. கண்ணாடி போல் துடைத்து வைத்த தரையில், மண் ஒட்டிய குதிகாலோடு சாவகாசமாக நின்றார். திரும்பிப் பார்த்தால் பின்னால் நின்ற அம்மாவுக்கும் வெறுங்கால், அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் வெறுங்கால். "என்னங்க இது, கோயிலுக்குள்ள போற மாதிரில்ல கடைக்குள்ள வாராக" என்று என் மனைவி செல்வி காதோரம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எங்களோடு வந்திருந்த மகள் அகிலா சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். பிறகு தரையில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஓலமிட ஆரம்பித்தாள். பாலை அங்கேயே வைத்துவிட்டு அவளை அணைத்து வெளியே நடத்திக்கொண்டு வந்தோம். கடையில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெறுங்காலைப் பார்த்து ஒரு பிள்ளை ஏன் பயப்பட வேண்டும்? செல்விக்கும் எனக்கும் அது தெரியும். ஆனால் அதை நாங்கள் தெரிந்துகொண்ட கதை மதுரையில் நடந்தது. அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், எங்களைப் போலப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்களுக்கும் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அகிலாவுக்கு ஆட்டிசம். இந்தச் சொல்லை நாங்கள் முதலில் கேட்டபோது அவளுக்கு மூன்று வயது, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த என் அண்ணனிடம் அந்தச் சீட்டைக் காட்டினேன். அவர் அதை மருந்துப் பெயர் என்று நினைத்து, இரண்டு மெடிக்கல் கடைகளில் கேட்டுவிட்டு, "ஸ்டாக் இல்லையாம்டா" என்று திரும்பி வந்தார். அப்போது நாங்கள் எல்லோரும் அந்த லட்சணத்தில்தான் இருந்தோம். அகிலா பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்; குனிந்த தலை குனிந்தபடி இருக்கும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். திருப்பரங்குன்றத்தில் மூன்று முறை மொட்டை போட்டோம். நாலாவது முறை அவள் கத்திய கத்தலில் நாவிதரே "வேணாம் சார், சாமி கோவிச்சுக்கிறாது, நான் சொல்றேன்" என்று கத்தியை மடக்கிவிட்டார்.

ஐந்து வயதில் அவளுக்கு ஒரு பயிற்சி மையத்தில் இடம் கிடைத்தது. டவுனுக்குள் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றில் அது நடந்தது. பேச்சுப் பயிற்சி, கைகால் பயிற்சி இரண்டும் உண்டு. மதுரையில் அப்போது எங்களுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அதை விட்டால் சென்னைக்குத்தான் போக வேண்டும். திங்கள், புதன், வெள்ளி காலை பத்து மணிக்கு வகுப்பு. நான் உசிலம்பட்டிப் பக்கம் பால் குளிரூட்டும் நிலையங்களில் இயந்திரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். விடிந்ததும் சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து சைக்கிளிலும் டிவிஎஸ் ஐம்பதிலும் பால் கேன்கள் வந்து இறங்கும். அந்த நேரத்தில் கம்ப்ரஸர் நின்றால் அத்தனை பேர் பாலும் கெட்டுப்போகும். அதனால் அகிலாவைக் கூட்டிப் போகிற பொறுப்பு முழுக்கச் செல்வி தலையில் விழுந்தது. திருநகரில் டவுன் பஸ் ஏறி, பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து போவார்கள். ஓராண்டில் அகிலா டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கப் பழகினாள். பென்சிலைப் பிடித்துக் கோடு இழுத்தாள். "வா" என்று ஒரு சொல்லும் வந்தது. எங்களைப் பார்த்தும் வா, பஸ்ஸைப் பார்த்தும் வா, பரங்குன்றத்து மலையைப் பார்த்தும் வா. மலை வராவிட்டாலும் நாங்கள் ஓடி ஓடிப் போனோம்.

அந்த மையத்தை நடத்தியவர் லதா மேடம். ஒரு நாள் அவருடைய புதுச் செருப்பில் ஒன்றைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டது. செல்வி அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்கோ கை அரித்தது. இவ்வளவு செய்கிறவர்களுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா? உசிலம்பட்டியில் கழித்துப் போட்ட குளிர் அறைத் தகரத்தை விலைக்கு வாங்கி, திருநகர் வெல்டிங் பட்டறையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கதவு வைத்த செருப்பு அலமாரி ஒன்று செய்தேன். இருபது ஜோடி வைக்கலாம். நாய் என்ன, எலிகூட நுழைய முடியாது. வெள்ளி பெயிண்ட் அடித்தேன். நம் ஊர்ப் பழக்கம் சும்மா விடுமா? கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வருகிற பக்கமெல்லாம் பேர் எழுதுகிறவர்கள் நாம். கதவில் சிவப்பு எழுத்தில் "உபயம்" என்று போட்டு, கீழே என் பேரையும் திருநகரையும் எழுத வைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மையத்தின் வாசலில் இறக்கினோம். அங்கே ஆயா வேலை பார்த்த முனியம்மா, "இனிமே நாய்க்குக் காவல் இருக்குற வேலை மிச்சம் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வாசலில் இறைந்து கிடந்த செருப்பெல்லாம் உள்ளே போயின. படி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் அலமாரி பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பிலிருந்து அகிலா உள்ளே போக மறுத்தாள்.

சும்மா அடம் இல்லை. பஸ்ஸில் ஒழுங்காக வருவாள், சந்திலும் ஒழுங்காக நடப்பாள். வாசற்படியைக் கண்டதும் உடம்பு விறைத்துவிடும். கீழே விழுந்து புரளுவாள். செல்வி தூக்கினால் கடிப்பாள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகியும் இதே கதை. டீச்சருக்குப் பயப்படுகிறாளோ என்று டீச்சரை மாற்றிப் பார்த்தார்கள். வயிற்றுவலியோ என்று மருந்து கொடுத்தோம். யாராவது அடித்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது, அதைக் கேட்டு லதா மேடம் முகம் சுண்டிப்போனது. டம்ளர் பிடிக்கப் பழகிய கை மறுபடி டம்ளரைத் தட்டிவிட ஆரம்பித்தது. "வா" நின்றுபோனது. கடைசியில் லதா மேடம் என்னை வரச்சொல்லிப் பேசினார்.

"சார், நானும் மூணு வாரமாப் பாக்குறேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறதுக்குப் பேரு கிளாஸ் இல்ல. வெளிய எம்புட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா? வார வெள்ளிக்கிழமைக்குள்ள உள்ள வரலைன்னா இடத்த அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவேன். என்னையத் தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க முடியவில்லை. நாங்களும் அந்த இடத்துக்காக எட்டு மாதம் காத்திருந்தவர்கள்தானே. திங்கள்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அகிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். செல்விக்குக் காய்ச்சல், கடிபட்ட இடம் வீங்கியிருந்தது. "கோவப்படாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். வாசலில் வழக்கம்போல ஆரம்பித்தது. அகிலா என் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் என் அலமாரியை இரண்டு கையாலும் அறைந்தாள். தடார் தடார் என்று சந்தே அதிர்ந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஆசையாகச் செய்த பொருள், என் பேர் எழுதிய கதவு. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, அவள் முதுகில் ஓங்கி அறைந்துவிட்டேன். முதல் அடி. அவள் திகைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ராமு அண்ணே தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக வந்தார். அவர் கீழவாசல் பக்கம் சேலைக்கடை வைத்திருந்த சௌராஷ்டிரக்காரர். வீட்டு மொழியை விட்டுவிட்டுத் தமிழில் மட்டும் பேசச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்ததால், மகனிடம் யாரும் இல்லாதபோது மட்டும் ரகசியமாக வீட்டு மொழியில் கொஞ்சுவார். "நேரமாச்சு மாப்ள" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே செருப்பைப் படியில் உதறிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அகிலா எழுந்தாள். உள்ளே நடந்து போனாள். போய் ராமு அண்ணே பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"பாத்தீங்களா சாமி, ரெண்டு போடு போட்டதும் எப்படிப் போகுதுன்னு" என்றார் முனியம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. படித்தவர்கள் மூன்று வாரமாகச் செய்ய முடியாததை ஒரே அடியில் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அதனால் புதன்கிழமை அவள் மறுத்தபோது நான் யோசிக்கவே இல்லை, மறுபடி அடித்தேன். அவள் உள்ளே போகவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். அவள் அழவும் இல்லை. அலமாரியைத் தட்டிக்கொண்டே இருந்தாள், உள்ளங்கை சிவந்து போகும்வரை. திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "புள்ளைக்கு என்னப்பா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டு, தான் தின்றுகொண்டிருந்த கொய்யாப்பழத்தில் பாதியைப் பிட்டு அவளுக்குக் கொடுத்தார். அகிலா வாங்கித் தின்றாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டில் செல்வி என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்து, "திங்கக்கெழம நீங்க அடிச்சதுக்கும் அவ உள்ள போனதுக்கும் நடுவுல என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ராமு அண்ணே வந்ததையும் சொன்னேன்.

"அவரு செருப்ப அலமாரியில வைக்கலையா?"

"எங்க வச்சாரு. படியிலயே உதறிட்டு ஓடுனாரு."

செல்வி எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நான் கடைக்குப் போயிட்டு வாரேன். வாசல்ல ஒங்க மாமா செருப்புக் கெடக்கு. நான் என்ன செய்வேன்? சேலைய இழுத்துச் சரி பண்ணிக்கிட்டு, இன்னும் ரெண்டு ஆழாக்கு அரிசி போடணும்னு நெனச்சுக்கிட்டே உள்ள வருவேன். வாசல்ல ஒரு செருப்பும் இல்லாம, உள்ள மட்டும் ஆளுக பேச்சுச் சத்தம் கேட்டா? எனக்குத் திக்குன்னு இருக்காதா?"

"இருக்கும். அதுக்கு என்ன?"

"அவ தெனம் அந்தப் படியில நின்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருப்பா. நான் சோம்பேறித்தனம்னு நெனச்சு, போடி உள்ளன்னு தள்ளிக்கிட்டு இருந்தேன். அவ யாரு யாரு வந்திருக்கான்னு பாத்திருக்கா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெற்ற தகப்பன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளை, ஊரார் செருப்பை அடையாளம் வைத்திருக்குமா என்று நினைத்தேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று பேருமாகப் போனோம். லதா மேடத்திடம் சொல்லிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து வைத்தேன். "இப்பத்தான எல்லாத்தையும் அடுக்குனேன்" என்று முனியம்மா முணுமுணுத்தார். நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

அகிலா அலமாரி முன்னால் போய் நின்றாள். கையை உள்ளே விட்டு ஒரு ஜோடியை எடுத்தாள். பழுப்பு நிறம், பக்கிள் வைத்தது. அதைத் தூண் ஓரமாக, சுவரைப் பார்க்க வைத்தாள். "என்னுது" என்றார் லதா மேடம் மெதுவாக. "அங்கதான் விடுவேன்." அடுத்து வார் அறுந்து ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பு. அதைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து நிறுத்தினாள். அது முனியம்மாவுடையது, கழுவிவிட்டு அவர் அப்படித்தான் நிறுத்துவாராம். முனியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருந்தது, அவள் எங்கேயும் தயங்கவில்லை, எதையும் இடம் மாற்றவில்லை. ராமு அண்ணே அன்று நல்ல பிள்ளையாக அலமாரியில் வைத்திருந்தார். தடித்த தோல் செருப்பு. அகிலா ஒன்றைப் படியில் நேராக வைத்தாள். இன்னொன்றை இரண்டடி தள்ளிக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போட்டாள். "நான் இப்படியா போடுவேன்?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்த ராமு அண்ணே, பாதியிலேயே சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டு மொழியில் ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்தபோது இரண்டாவது படியில் ஒரு ஜோடி அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அகிலா அந்த இடத்தைப் பார்த்தாள், அலமாரிக்குள் பார்த்தாள், மறுபடி அந்த இடத்தைப் பார்த்தாள். "அது பாத்திமா டீச்சர் விடுற எடம்" என்றார் லதா மேடம். "அவங்க இன்னைக்கு லீவு." பிறகு அவர் என்னிடம் திரும்பி, "இவ யாரையும் பாக்கவே மாட்டேங்கிறான்னு ஒரு வருசமா நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன் சார்" என்றார். அகிலா தன் செருப்பைக் கழற்றி லதா மேடம் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரும் சொல்லாமல், யார் கையையும் பிடிக்காமல், உள்ளே போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அந்தப் பதினைந்து ஜோடிச் செருப்பை விட்டு என் கண் அகலவில்லை. இத்தனை நாள் அவள் எங்களை விட்டுத் தனியாக எங்கோ இருக்கிறாள் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தோம். அவளோ எங்கள் எல்லோரையும் கால் வழியாகப் படித்து முடித்திருந்தாள். யார் அவசரக்காரர், யார் நிதானம், யார் இன்று வரவில்லை எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை நான் பிடுங்கி, தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, மேலே என் பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் திறக்கச் சொல்லித்தான் அவள் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள். அதற்குத்தான் நான் அடித்திருக்கிறேன். அந்த அடி இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. அன்று முதல் செருப்பெல்லாம் பழையபடி படிக்கு வந்தன. நாய் வந்தால் விரட்ட முனியம்மா ஒரு குச்சி வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் பரங்குன்றத்து மலையைப் பார்த்து அகிலா மறுபடியும் "வா" என்றாள்.

பிறகு எனக்கு இந்த நாட்டில் பால் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. மாடு வேறு, புல் வேறு, கம்ப்ரஸர் ஒன்றுதான். விசாவுக்காக மருத்துவத் தாள்களுக்கு அலைந்த கதை தனி. இங்கே அகிலாவுக்கு ஒதுக்கிய பயிற்சி மையத்தைப் பற்றி ஊரில் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு, மெத்தை போன்ற தரைவிரிப்பு, ஊஞ்சல் தொங்கும் தனி அறை. எல்லோரும் ஷூ காலோடு நேரே உள்ளே போய்விடுவார்கள். வாசலில் ஒரு செருப்பு கிடையாது. அகிலா கார் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. கேரன் என்ற பயிற்சியாளரிடம் போய் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் ஊரில் செருப்பை வாசலில் விடுவோம், மகள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவாள் என்றேன். கேரன் மிகவும் மரியாதையாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறு வகுப்புக்குப் போனால் மையத்தில் இருந்த ஒன்பது பேரும் ஷூவைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேரன் என்னிடம் வந்து, தலையையும் துணியால் மூட வேண்டுமா, உங்கள் மதத்தில் வேறு ஏதாவது விதி உண்டா என்று கேட்டார். இது மதம் இல்லை, இவை உங்கள் முகங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது இன்னும் பெரிய மதமாகத் தோன்றியிருக்க வேண்டும். பயபக்தியோடு தலையாட்டினார்.

ஆனால் அவர்கள் பொறுமையை நான் மறக்க மாட்டேன். முதல் நான்கு வகுப்பும் அகிலா வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ், கேன்வாஸ், இங்கே ஜாண்டல்ஸ் என்று சொல்கிற ரப்பர் செருப்பு, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள், தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். யாரும் உள்ளே வா என்று இழுக்கவில்லை. இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுப்போம் என்று சொல்லவில்லை. ஐந்தாவது வகுப்பில் கேரனின் பச்சை ஜாண்டல்ஸுக்குப் பக்கத்தில் தன் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். கோடைக்காலத்தில் ஒருநாள் கேரன் இந்த ஊர் வழக்கப்படி வெறுங்காலோடு வந்து இறங்கினார். அகிலா அவருடைய கார்ப் பக்கம் போய் நின்றுகொண்டு நகரவில்லை. கேரன் காரைத் திறந்து, பின் சீட்டுக்கடியில் துழாவி, ஜாண்டல்ஸை எடுத்து வாசலில் வைத்த பிறகுதான், அவர் வந்துவிட்டார் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

இரண்டு ஊரையும் நான் அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அங்கே அகிலா கத்தினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஒருவர் திருநீறு தருவார், ஒருவர் வைவார், ஒருவர் கொய்யாப்பழம் பிட்டுத் தருவார். இங்கே அவள் கத்தினால் எல்லோரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள், அது மரியாதை. சில நாள் இந்த மரியாதை நிம்மதியாக இருக்கிறது. சில நாள் யாராவது பாதிக் கொய்யா தர மாட்டார்களா என்று மனசு ஏங்குகிறது. எது நல்லது என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

வந்து நான்கு வருடம் கழித்து விடுமுறைக்கு மதுரை போனோம். அகிலாவுக்கு அப்போது பதினாறு வயது, பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்திருந்தன. மையத்தைப் பார்க்கக் கூட்டிப் போனோம். என் அலமாரி இன்னும் இருக்கிறது. விளக்குமாறும் பினாயிலும் வைத்திருக்கிறார்கள். உபயம் மட்டும் அழியவில்லை. படி நிறையப் புதுச் செருப்புகள், ஒன்றும் அவளுக்குத் தெரிந்தது இல்லை. அகிலா நீண்ட நேரம் நின்றாள். பிறகு குழாய்ப் பக்கம் போய் ஒரு ரப்பர் செருப்பைக் கையில் எடுத்தாள். புதுசுதான், ஆனால் குதிகாலின் வெளிப்புறம் மட்டும் தேய்ந்திருந்தது. "முனி" என்றாள். உள்ளே இருந்து முனியம்மா, "யாரு எங்காத்தாவா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். லதா மேடத்துக்குக் கால்வலி, டாக்டர் செருப்புக்கு மாறியிருந்தார். யாரோ நகர்த்தி நடுவில் தள்ளியிருந்த அந்தச் செருப்பை, அகிலா எடுத்துத் தூண் ஓரமாகச் சுவரைப் பார்க்க வைத்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

திரும்பிப் புறப்படுகிற அன்று, திருநகர் வீட்டில் ஒரு மாதமாக நான் போட்டுத் திரிந்த ரப்பர் செருப்பைக் குப்பையில் போடப் போனேன். "கெடக்கட்டும் தம்பி, அடுத்த தடவ வாரப்பப் போட்டுக்கலாம்" என்று அண்ணி வாங்கி வாசலிலேயே வைத்துவிட்டார். நான் ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். அகிலா அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு ஏறினாள்.

ஹாமில்ட்டன் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, அகிலா வழக்கம்போல வாசலில் எங்கள் காலணிகளை வரிசைப்படுத்தினாள். செல்வியுடையது, அவளுடையது, என் ஷூ. என் ஷூவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி அளவுக்கு இடம் விட்டிருந்தாள். "இது யாருக்குடி?" என்று செல்வி கேட்டாள். அகிலா என் ஷூவைத் தொட்டு "அப்பா" என்றாள். பிறகு வெறும் இடத்தைத் தொட்டாள். அதற்கும் "அப்பா" என்றாள். இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று நான் குனிந்து நின்றேன். அவள் எழுந்து சாப்பிடப் போய்விட்டாள்.

அந்த இடம் இன்றும் அப்படியே இருக்கிறது. தினம் காலையில் அதை விட்டுத்தான் அடுக்குகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தெரியாமல் அங்கே ஷூவைக் கழற்றினால், அவள் வருவதற்கு முன்னால் நானே குனிந்து எடுத்துத் தள்ளி வைத்துவிடுகிறேன்.